பழனிக்கும் மெடெயினுக்கும் ஒரே வருஷம்: ரோப் கார் எப்போ ஒரு ஊரை மாத்தும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசின நடையை அப்படியே விட்டிருக்கோம். திரும்பத் திரும்ப வந்ததை மட்டும் வெட்டியிருக்கோம்.)

குருவிகுளத்துல இருந்து பேசுறேன். புதுசா கேக்க வந்தவங்களுக்கு அடையாளம் சொல்லணும்னா, தென்காசி மாவட்டம், சங்கரன்கோவில் பக்கம், கழுகுமலைக்குக் கிட்ட. கரிசல் காடு. கண்ணுக்குத் தெரியிற உசரம்னா கழுகுமலைப் பாறை, அதை விட்டா தூரத்துல நீலமாத் தெரியிற மேற்குத் தொடர்ச்சி மலை. மத்ததெல்லாம் தட்டை. ரோப் கார் பத்திப் பேசுறதுக்கு இதைவிடப் பொருத்தமில்லாத ஊர் கிடைக்காது.

ஆனா இங்க ரோப் கார்னா என்னன்னு தெரியாத ஆளும் கிடையாது. காரணம் பழனி. மொட்டை போடப் போன வீட்டுல எல்லாம் ஒரு ரோப் கார் கதை இருக்கும். ஏறினப்போ கண்ணை மூடிக்கிட்ட கதை, வரிசையில ரெண்டு மணி நேரம் நின்ன கதை, முட்டி வலிக்காரங்க புண்ணியத்துல மேல போய்ச் சாமி பார்த்த கதை. அரசாங்க அறிவிப்புல ‘கம்பிவட ஊர்தி’ன்னு போடுவாங்க. ஊர் வாயில அது எப்பவும் ரோப் கார்தான். நானும் அப்படியே சொல்றேன்.

இன்னைக்குக் கேள்வி இதுதான். சாமி பார்க்கப் போற வண்டியா நமக்குத் தெரிஞ்ச இந்த ரோப் கார், சில ஊர்கள்ல வேலைக்குப் போற வண்டியா ஓடுது. காலைல ஆறு மணிக்கு டிபன் பாக்ஸோட ஏறுறாங்க. டவுன் பஸ் மாதிரி. அதோட நிக்கல, அந்த வண்டி வந்ததால ஊரே மாறிச்சுன்னும் சொல்றாங்க. அது எவ்வளவு உண்மை? நமக்கு அதுல என்ன இருக்கு?

ரெண்டும் 2004

பழனி மலைக்கு 1966-லயே விஞ்ச் வந்துடுச்சு. தண்டவாளத்துல கம்பியால இழுக்கிற வண்டி. ரோப் கார் வந்தது 2004 நவம்பர்ல. அதே 2004-ல, அதுக்குச் சில மாசம் முன்னாடி, கொலம்பியா நாட்டுல மெடெயின்னு ஒரு ஊர்ல இன்னொரு ரோப் கார் ஓட ஆரம்பிச்சது. நம்ம பத்திரிகைகள்ல ‘மெடலின்’னு எழுதுவாங்க. பாப்லோ எஸ்கோபார் ஊர்னு சொன்னா உங்கள்ல பாதிப் பேருக்குச் சட்டுன்னு தெரியும்.

ரெண்டும் கம்பி, ரெண்டுலயும் பெட்டி, ரெண்டும் மலை ஏறுது. ஆனா பழனில ஏறுறவர் வருஷத்துக்கு ஒரு தடவை ஏறுவார். மெடெயின்ல ஏறுறவர் தினமும் ரெண்டு தடவை ஏறுவார். இந்த ஒரு வித்தியாசத்துலதான் இன்னைக்குச் சொல்லப்போற எல்லாமே இருக்கு.

நம்ம ஊர்ல கம்பி எதுக்கெல்லாம் ஓடியிருக்குன்னு பாருங்க. மூணார் போனவங்களுக்கு ‘டாப் ஸ்டேஷன்’ தெரியும். வியூ பாயிண்ட்டுன்னு போய் போட்டோ எடுத்துட்டு வந்திருப்பீங்க. அங்க ஏன் ‘ஸ்டேஷன்’னு பேர்? நூறு வருஷத்துக்கு முன்னாடி மூணார் தேயிலையை அங்க இருந்து கம்பியில கட்டி, கீழ போடிநாயக்கனூர் பக்கம் கொட்டகுடிக்கு இறக்கினாங்க. மேல இருந்தது டாப் ஸ்டேஷன், கீழ இருந்தது பாட்டம் ஸ்டேஷன். அது தேயிலைக்கான கம்பி. அப்புறம் பழனி. 2024-ல சோளிங்கர் நரசிம்மர் மலை, 1,305 படி. அதே வருஷம் கரூர் மாவட்டம் அய்யர்மலை, 1,017 படி. ஆக, சரக்குக்குக் கம்பி விட்டோம், சாமிக்குக் கம்பி விட்டோம். தினசரி வேலைக்குப் போற ஆளுக்கு ஒரு கம்பி விடலாம்னு நாம யோசிச்சதே இல்ல.

படி ஏற முடியாத வயசானவங்களுக்கு அந்த வண்டி எவ்வளவு பெரிய விஷயம்னு எனக்குத் தெரியும். அதைக் குறைச்சுச் சொல்லல. அதே இயந்திரத்தால இன்னும் என்ன செய்ய முடியும்ங்கிறதுதான் பேச்சு.

இது எப்படி ஓடுது?

கொஞ்சம் இயந்திரம் பேசுவோம், பயப்படாதீங்க. பழனி மாதிரி சின்ன அமைப்புல பெட்டிகள் கொத்தா, ஒண்ணு பின்னால ஒண்ணா கம்பியிலயே மாட்டியிருக்கும். ஒரு கொத்து மேல வந்து நிக்கும்போது இன்னொரு கொத்து கீழ நிக்கும். ஆள் இறங்கி ஏறினதும் திரும்பக் கிளம்பும். அதனால மணிக்குச் சில நூறு பேர்தான் போக முடியும். வரிசை ஏன் அவ்வளவு நீளம்னு இப்போ புரியும்.

நகரத்துல ஓடுற வகை வேற. அங்க கம்பி நிக்கவே நிக்காது. பெரிய வளையமா சுத்திக்கிட்டே இருக்கும், வினாடிக்கு 5 மீட்டர் அளவுல, அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர். சைக்கிளை விடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். ஒவ்வொரு கேபின் தலையிலயும் ஒரு பிடி இருக்கும், கிடுக்கி மாதிரி. ஸ்டேஷனுக்குள்ள வந்ததும் அந்தப் பிடி கம்பியை விட்டுடும். கேபின் தனியா ஒரு தடத்துல, நாம நடக்கிற வேகத்துல, கதவைத் திறந்துக்கிட்டு மெதுவா நகரும். ஏறலாம், இறங்கலாம், சக்கர நாற்காலியை உள்ள தள்ளலாம். திரும்ப வேகம் பிடிச்சு, கம்பியைக் கவ்விக்கிட்டு வெளிய போகும்.

இதனால என்ன லாபம்? கணக்குப் போடுங்க. ஒரு கேபின்ல 10 பேர். 12 வினாடிக்கு ஒரு கேபின் கிளம்புது. நிமிஷத்துக்கு 5, மணிக்கு 300 கேபின். 300-ஐ 10-ஆல பெருக்கினா 3,000 பேர், ஒரு திசையில. 60 பேர் ஏறுற டவுன் பஸ்ஸா இருந்தா மணிக்கு 50 பஸ் விடணும். சென்னை மெட்ரோவுல நாலு பெட்டி ரயில் ஒரே நடையில ஆயிரத்துக்கும் மேல ஆளை ஏத்திடும். அதனால ரோப் கார் மெட்ரோவுக்குப் பதில் ஆகாது. நல்லா ஓடுற ஒரு பஸ் தடத்துக்குச் சமம்னு வெச்சுக்கோங்க.

அப்போ எதுக்கு இது? பஸ் போக முடியாத இடத்துக்கு. செங்குத்தான சரிவு, ஆட்டோகூடத் திரும்ப முடியாத சந்து, நடுவுல ஆறு, பள்ளம். தரையில தூண் நிக்க மட்டும் இடம் வேணும். ரோடு போட ஆயிரம் வீட்டை இடிக்க வேண்டிய இடத்துல, கம்பி கூரைக்கு மேல போயிடும். இன்னொரு வசதி, காத்திருக்கிறதே கிடையாது. அடுத்த வண்டி எப்போன்னு யாரும் கேக்க வேண்டாம், 12 வினாடியில வந்துடும். கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடின அனுபவம் இருக்கிறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதின்னு சொல்லத் தேவையில்ல.

மெடெயின்ல நடந்தது

மெடெயின் ஒரு பள்ளத்தாக்கு ஊர். அடியில ஆறு, ஆத்தோரம் வேலை, கடை, ஆஸ்பத்திரி, 1995-ல வந்த மெட்ரோ ரயில். ரெண்டு பக்கச் சரிவுலயும் ஏழைங்க வீடு. உள்நாட்டுச் சண்டையில கிராமத்தை விட்டு ஓடிவந்தவங்க, கிடைச்ச இடத்துல செங்கல் வெச்சுக் கட்டிக்கிட்ட வீடுகள். 1991-ல மட்டும் அந்த ஊர்ல ஆறாயிரத்துக்கும் மேல கொலை. மலைமேல இருந்த சாந்தோ தொமிங்கோ மாதிரிப் பகுதிக்குள்ள போலீஸே போகத் தயங்கின காலம் அது. கீழ ரயில் ஓடுது, மேல இருக்கிறவங்களால அதுகிட்ட வர முடியல. வளைஞ்சு வளைஞ்சு இறங்குற பஸ், அப்புறம் இன்னொரு பஸ், இன்னொரு டிக்கெட்.

ரயில் நடத்துற மெட்ரோ நிறுவனமும் நகராட்சியும் சேர்ந்து போட்டதுதான் அந்த முதல் கம்பி. ‘கே’ லைன். அசெவேதோ ரயில் ஸ்டேஷன்ல இருந்து மேல சாந்தோ தொமிங்கோ வரை, சுமார் 2 கிலோமீட்டர், நாலு ஸ்டேஷன். ரயில் டிக்கெட்டே இதுக்கும் செல்லும். தனிக் காசு கிடையாது. இந்த ஒரு முடிவை அடிக்கோடு போட்டு வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

ஆனா கதை கம்பியோட முடியல. அந்த வருஷம்தான் செர்ஹியோ ஃபஹார்தோன்னு ஒரு கணக்குப் பேராசிரியர் மேயரா வந்தார். அவர் காலத்துல, கம்பி போற வழியில ஒவ்வொரு ஸ்டேஷனைச் சுத்தியும் வேலை நடந்துச்சு. நடைபாதையை அகலப்படுத்தினாங்க. பள்ளிக்கூடம், சின்னப் பூங்கா, சிறு தொழிலுக்குக் கடன் ஆலோசனை சொல்ற மையம். 2007-ல மலை உச்சியில ஒரு பெரிய நூலகம். அந்தாலுசியா, லா பிரான்சியான்னு ரெண்டு பகுதி, நடுவுல ஓடை. ரெண்டு பக்கத்துப் பையன்களுக்கும் ஆகாது, இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் போனா உசுருக்கு உத்தரவாதம் இல்ல. ரெண்டையும் சேர்த்து ஒரு நடைபாலம் கட்டினாங்க. ஹுவான் போபோன்னு ஒரு ஓடைக்கரையில ஆபத்தான இடத்துல இருந்த குடும்பங்களுக்கு, ஊருக்கு வெளிய அனுப்பாம, அங்கயே பக்கத்துல அடுக்கு வீடு கட்டிக் கொடுத்தாங்க.

இதுக்குப் பணம்? அந்த ஊர் மின்சாரம், தண்ணி எல்லாம் நகராட்சிக்குச் சொந்தமான ஒரு நிறுவனத்துக்கிட்ட இருக்கு. அதோட லாபத்துல ஒரு பங்கு நகராட்சிக்கு வருது. அந்தக் காசு மலைமேல போச்சு.

பலன் என்ன? 2012-ல ஒரு ஆய்வு வந்துச்சு. கம்பியும் இந்த வேலைகளும் வந்த 25 பகுதி, வராத ஆனா அதே மாதிரி ஏழ்மையான 23 பகுதி, ரெண்டையும் ஒப்பிட்டாங்க. 2003-ல இருந்து 2008-க்குள்ள ரெண்டுலயும் கொலை குறைஞ்சிருக்கு. ஆனா வேலை நடந்த பகுதிகள்ல 66 சதவீதம் கூடுதலாக் குறைஞ்சிருக்கு.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. ‘ரோப் கார் விட்டா கொலை குறையும்’னு இதை வாட்ஸப்ல அனுப்பிடாதீங்க. அந்த வருஷங்கள்லதான் ஆயுதக் குழுக்கள் சில ஒப்பந்தம் போட்டு ஆயுதத்தை ஒப்படைச்சாங்க. ஊர் முழுக்கவே கொலை விழுந்துக்கிட்டிருந்த நேரம். அந்த ஆய்வும் கம்பியைத் தனியாப் பிரிச்சு அளக்கல. கம்பி, நூலகம், பாலம், வீடு எல்லாத்தையும் ஒரே பொட்டலமாத்தான் அளந்தாங்க. அந்த நூலகமேகூடக் கட்டுமானக் கோளாறால சில வருஷத்துலயே மூட வேண்டியதாச்சு. எல்லாம் சொர்க்கமா மாறலை. ஆனா ‘நீயும் இந்த ஊர்க்காரன்தான், கீழ இருக்கிற ரயில் உனக்கும்தான்’னு ஒரு நகராட்சி காசு செலவழிச்சுச் சொன்னதுக்கு ஒரு விளைவு இருந்திருக்கு.

ரியோவுல அதே கம்பி

இப்போ எதிர்ப் பக்கம். பிரேசில்ல ரியோ. 2011-ல அலெமாவோங்கிற பெரிய குடிசைப் பகுதிக்கு மேல 3.5 கிலோமீட்டர் கம்பி, ஆறு ஸ்டேஷன். மெடெயினைப் பார்த்துட்டு வந்து போட்டதுதான். பார்க்க அதே படம்: ஏழைங்க கூரைக்கு மேல பளபளன்னு கேபின் போகுது. சுற்றுலாப் பயணிகள் வந்து ஏறினாங்க.

ஆனா அங்க இருந்த மக்கள் பல பேர் முதல்ல கேட்டது சாக்கடை. கழிவுநீர் வாசல்ல ஓடுது, குப்பை எடுக்க ஆள் இல்ல, எங்களுக்கு எதுக்குய்யா கேபின்னு கேட்டாங்க. ஸ்டேஷன்கள் குன்று உச்சிகள்ல இருந்துச்சு. குன்றுக்கு நடுவுல வீடு இருக்கிறவன் கீழ போறதுக்கு முதல்ல மேல ஏறணும். 2016-ல ஒலிம்பிக்ஸ் முடிஞ்சு, அரசாங்கத்துக்கிட்ட காசு தீர்ந்துச்சு. அந்த வருஷமே வண்டி நின்னுடுச்சு. வருஷக்கணக்கா கேபின் துருப்பிடிச்சு நின்னுச்சு.

ரெண்டு ஊர்லயும் இயந்திரம் ஒரே மாதிரிதான். மெடெயின்ல மக்கள் ஏற்கெனவே போய்க்கிட்டிருந்த வழியில, ஏற்கெனவே ஓடுற ரயிலோட, ஒரே டிக்கெட்ல கம்பியைச் சேர்த்தாங்க. கூடவே தரையில செய்ய வேண்டிய வேலையைச் செஞ்சாங்க. ரியோவுல கம்பியை மட்டும் கட்டிட்டு மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டாங்க.

மூணாவதா ஒரு ஊர், இது எல்லாத்தையும் விடப் பெருசு. பொலிவியாவோட லா பாஸ். அதுக்கு நேர் மேல, மலை விளிம்புல, எல் ஆல்டோன்னு இன்னொரு நகரம், 4,000 மீட்டருக்கும் மேல உசரத்துல. மேல வீடு, கீழ வேலை. நடுவுல மினிபஸ் நெரிசல். 2014-ல முதல் கம்பி, சிவப்பு லைன், பத்து நிமிஷத்துல கீழ பழைய ரயில்வே ஸ்டேஷன்ல கொண்டுவந்து விட்டுச்சு. 2019-க்குள்ள பத்து லைன், சுமார் 30 கிலோமீட்டர். மெட்ரோ வரைபடம் மாதிரியே கலர் கலரா கம்பி வரைபடம். அங்க ரோப் கார்தான் மெட்ரோ. சரிவு அவ்வளவு செங்குத்து, வேற வழியும் கிடையாது.

நம்ம நாட்டுல இப்போ

இது நமக்கு ஏன் இப்போ முக்கியம்? 2022 மத்திய பட்ஜெட்ல ‘பர்வத்மாலா’ன்னு ஒரு திட்டம் அறிவிச்சாங்க. தனியாரோட சேர்ந்து ரோப் கார் கட்டுற தேசியத் திட்டம். அந்த வருஷத்துக்கு மட்டும் 60 கிலோமீட்டர், எட்டு வேலைன்னு சொன்னாங்க. மலைக்கு மட்டுமில்ல, நெரிசலான நகரத்துக்கும்னு அந்த உரையிலயே இருக்கு.

அதுல நகரத்துக்குள்ள வர்றது காசி. 2023 மார்ச்ல அடிக்கல். வாராணசி கேன்ட் ரயில் நிலையத்துல இருந்து கோதோலியா வரை, 3.75 கிலோமீட்டர், அஞ்சு ஸ்டேஷன், அப்போ சொன்ன மதிப்பு சுமார் 645 கோடி. காசிக்குப் போன நம்ம ஆட்களுக்குக் கோதோலியா நல்லாத் தெரியும், நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் அங்கதான் இருக்கு. காசியில மலை கிடையாது. தடையா இருக்கிறது சந்துதான். ரோட்டை அகலப்படுத்த இடமே இல்லாத ஊர்ல மேல போறது புத்திசாலித்தனமான யோசனைதான். ஆனா நான் கேக்கிறது இது: பக்தர் பையோட ஏறுவார், சரி. கோதோலியா கடையில வேலை பார்க்கிற பொண்ணு தினமும் ஏறுற கட்டணமா அது இருக்குமா? பஸ்ஸுக்கும் அதுக்கும் ஒரே டிக்கெட்டா? அந்த வழியில ரிக்‌ஷா ஓட்டிப் பிழைக்கிறவங்களுக்கு அடுத்த வேலை என்ன? காசி மெடெயின் ஆகுமா, பெரிய பழனி ஆகுமாங்கிறது இந்தப் பதில்கள்ல இருக்கு.

தமிழ்நாட்டுலயும் பேச்சு இருக்கு. பழனியில இருந்து கொடைக்கானலுக்கு ரோப் கார் விடலாம்னு ஒரு யோசனை வந்துச்சு. சீசன்ல கொடைக்கானல் ரோட்டுல மணிக்கணக்கா மாட்டிக்கிட்டவங்க உடனே கை தட்டுவீங்க. ஆனா இன்னும் நோயாளியை டோலி கட்டித் தூக்கிட்டு இறங்குற மலை கிராமங்களும் நம்மகிட்ட இருக்கு. கம்பி போடுறதுன்னு முடிவானா, முதல்ல யார் வாசலுக்குப் போடணும்னு கேக்கிற உரிமை நமக்கு உண்டு.

பாதுகாப்பையும் சொல்லிடணும். 2007-ல பழனியிலயே விபத்து நடந்து உயிர் போச்சு. 2022 ஏப்ரல்ல ஜார்க்கண்ட் தேவ்கர் பக்கம் திரிகூட மலையில ரோப் கார் நடுவானத்துல நின்னு, நாப்பதுக்கும் மேல ஆட்கள் மாட்டிக்கிட்டாங்க. விமானப் படை ஹெலிகாப்டர் வந்து ரெண்டு நாள் மீட்டுச்சு, மூணு பேர் இறந்தாங்க. மெடெயின்லயும் 2024 ஜூன்ல ஒரு கேபின் விழுந்து ஒருத்தர் இறந்தார். கம்பி, பிடி, கப்பி எல்லாத்தையும் விடாம சோதிச்சுக்கிட்டே இருக்கணும். பழனியில பராமரிப்புக்குன்னு வருஷத்துல ஒரு மாசத்துக்கும் மேல வண்டியை நிறுத்துவாங்க, அது சரியான காரியம். பக்தருக்கு விஞ்ச் இருக்கு, படி இருக்கு. ஆனா வேலைக்குப் போற வண்டியை ஒரு மாசம் நிறுத்தினா ஒரு மாசச் சம்பளம் போயிடும். அதனால நகரத்துக் கம்பிக்குப் பராமரிப்புக் காசும், நிக்கிற நாள்ல விடுற மாத்து பஸ்ஸும் முதல் நாளே திட்டத்துல இருக்கணும்.

சென்னையை நினைச்சுப் பார்க்கிறேன்

மெடெயின் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண்ணகி நகர் ஞாபகம் வரும். அங்க மலை இல்ல, கம்பியும் தேவையில்ல. ஆனா கேள்வி அதே கேள்வி.

1970-ல தமிழ்நாட்டுல குடிசை மாற்று வாரியம் ஆரம்பிச்சாங்க. தொடக்க காலத்துல குடிசை இருந்த இடத்துலயே அடுக்கு வீடு கட்டினாங்க. மெரினா பக்கம், மயிலாப்பூர் பக்கம் இன்னைக்கும் அந்தக் கட்டடங்களைப் பார்க்கலாம். 2000-க்கு அப்புறம் வழி மாறிச்சு. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்னு ஊருக்கு வெளிய வீடு. கண்ணகி நகரும் எழில் நகரும் சேர்த்தாலே இருபதாயிரத்துக்கும் மேல வீடுகள். கூவம் ஓரத்துல இருந்து, அடையாறு ஓரத்துல இருந்து மக்களைக் கொண்டுபோய் அங்க வெச்சோம். நாலு தெரு தள்ளி வீட்டு வேலைக்குப் போன அம்மா, இப்போ ரெண்டு பஸ் மாறணும். பல பேர் வேலையையே விட்டாங்க. பள்ளிக்கூடம் பாதியில நின்ன பிள்ளைங்க எத்தனையோ. அப்புறமா அந்தக் கட்டடச் சுவர்கள்ல அழகழகா ஓவியம் வரைஞ்சாங்க. அழகுதான், எனக்கும் பிடிக்கும். ஆனா ஓவியம் யாரையும் வேலைக்குக் கூட்டிட்டுப் போகாது.

மெடெயின்ல ஏழைங்க இருக்கிற இடத்துக்கு நகரம் மேல ஏறிப் போச்சு. நாம ஏழைங்களை நகரத்தை விட்டு இறக்கி விட்டோம். வித்தியாசம் அங்க இருக்கு. 2021-ல மகளிருக்கு டவுன் பஸ் இலவசம்னு வந்தப்போ அந்தத் தப்புல ஒரு பகுதியைச் சரி பண்ணோம்னு நினைக்கிறேன். எங்க பக்கமும் சங்கரன்கோவில் பஸ்ல காலைல பாருங்க, ஜவுளிக்கடை வேலைக்குப் போற பிள்ளைங்க, ஆஸ்பத்திரி போற அக்காங்க, காய் விக்கப் போற பெரியம்மாங்க. டிக்கெட் காசு இல்லன்னதும் வெளிய வந்த கூட்டம் அது. அந்த இலவச டிக்கெட்டும் மெடெயினோட ஒரே டிக்கெட்டும் ஒரே குடும்பம்தான்.

நாலு கேள்வி

உங்க ஊர்ல ‘ரோப் கார் வருது’, ‘மோனோ ரயில் வருது’, ‘மெட்ரோ வருது’ன்னு எந்த அறிவிப்பு வந்தாலும், இந்த நாலு கேள்வியைக் கேளுங்க.

ஒண்ணு, இது எந்தத் தடையைத் தாண்டுது? சரிவா, ஆறா, சந்தா? தடையே இல்லன்னா பஸ் போதும். குருவிகுளத்துக்கும் சங்கரன்கோவிலுக்கும் நடுவுல கம்பி போடணும்னு யாராவது சொன்னா நான்தான் முதல் ஆளா எதிர்ப்பேன். எங்களுக்கு வேண்டியது ராத்திரி இன்னும் ரெண்டு பஸ்.

ரெண்டு, ஒரே டிக்கெட்டா? தினமும் ஏறுறவன் கையில இருக்கிற காசுக்குள்ள அடங்குமா?

மூணு, ஸ்டேஷனை விட்டு இறங்கினா என்ன இருக்கு? நடைபாதை, வெளிச்சம், கழிப்பறை, பள்ளிக்கூடம் எதுவும் இல்லாம ஸ்டேஷன் மட்டும் பளபளன்னு இருந்தா, அது ரியோ.

நாலு, ரிப்பன் வெட்டின அஞ்சாவது வருஷம் யார் காசு கொடுப்பாங்க? கட்டுற செலவை எல்லாரும் சொல்வாங்க. ஓட்டுற செலவைக் கேட்டுப் பாருங்க.

இந்த நாலுக்கும் பதில் இருந்தா, கம்பியோ பஸ்ஸோ, அது ஊரை மாத்தும். பதில் இல்லன்னா, போட்டோவுக்கு நல்லா இருக்கும்.

இந்த வாரம் ஒரு வேலை பண்ணுங்க. உங்க ஆபீஸ்ல தரை துடைக்கிற அக்கா, வாசல்ல நிக்கிற செக்யூரிட்டி அண்ணன், கேன்டீன் மாஸ்டர் யாரையாவது கேளுங்க: வீட்டுல இருந்து இங்க வர எத்தனை வண்டி மாறுறீங்க, எவ்வளவு நேரம் ஆகுது? அந்த நிமிஷக் கணக்கை எனக்கு எழுதி அனுப்புங்க, பேர் வேண்டாம். அடுத்த எபிசோட்ல அதை வெச்சே பேசுவோம்.

சரி மக்களே, கடைசி பஸ் போறதுக்குள்ள நானும் கிளம்புறேன். வணக்கம்.